ராசகுமாரியின் ஆதரவு

ரீவிப் பெட்டியின் மேல் விரித்திருந்த பூப்போட்ட துணியை மடித்து வைத்துவிட்டு, இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கிற மரக்கதவைத் திறந்து, பெரியப்பா பொத்தானை அமத்தியதும் முதலில் வருவது படம் அல்ல, ஒரு மணம்தான். சூடேறிய தூசியும் புது ரப்பரும் கலந்த மாதிரியான அந்த மணம், சாமித்தட்டில் பெரியம்மா அப்போதுதான் காட்டிவிட்டு வந்த சாம்பிராணியோடு சேர்ந்து ஹோல் முழுக்க நிற்கும். பிறகு ஒரு இரைச்சல், பிறகு வெள்ளைப் புள்ளிகள், எல்லாம் அடங்கிய பிறகுதான் சங்கு ஊதுகிற சத்தமும், வரிசையாய் யானைகள் நடந்து வருகிற அரண்மனை வாசலும் தெரியும். இப்போதும் எங்கேயாவது பழைய சாமானுக்குள் அந்த மணம் வந்தால், யாரோ என்னிடம் ஏதோ கேட்கப்போகிறார்கள் என்று மனம் ஒருமுறை திடுக்கிடுகிறது.

கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கமாய் இறங்குகிற ஒரு ஒழுங்கையில், ஒரு ஒடுங்கின தெருவில், இருந்தது பெரியம்மாவின் வீடு. நான் பிறந்தது கொட்டாஞ்சேனையில். அப்பா புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் நின்றவர்; தமிழ்க் கடைகளை எரித்த கலவரத்தில் கடையும் போய், நாங்கள் இருந்த அறையும் போய், அகதி முகாமில் இருந்து திரும்பி வந்தபோது அஞ்சாம் வகுப்போடு என் படிப்பும் போயிருந்தது. தம்பிமாரை வைத்துக்கொண்டு என்னை மட்டும் அம்மா பெரியம்மா வீட்டில் கொண்டுவந்து விட்டார். எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கமாட்டேன். விருந்தாட்கள் வந்தால் வாசலில் தொங்குகிற கதவுச் சேலைக்குப் பின்னால் நிற்பேன். ஆனால் என்னிடம் அந்த வீட்டில் ஒருவரிடமும் இல்லாத ஒரு சாமான் இருந்தது. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் சிங்களப் பிள்ளைகளோடு விளையாடிப் பிடித்துக்கொண்ட சிங்களம்.

பெரியப்பா யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கந்தோரில் இருந்தவர். சிங்களச் சோதினை பாஸ் பண்ணினால்தான் உத்தியோகம் உயரும் என்று வந்தபோது, "என்ர பாஷையில வேலை செய்ய விட்டா செய்யிறன், இல்லாட்டி வீட்டை போறன்" என்று சொல்லிவிட்டு வேளைக்கே பென்சனில் வந்தவராம். பெரியம்மாவுக்குச் சிங்களத்தில் தெரிந்ததெல்லாம் மீன்காரனிடம் சொல்லுகிற "எப்பா" ஒன்றுதான், அது வேண்டாம் என்று அர்த்தம். அவர்களுடைய ஒரே மகள் வதனா அக்கா. ஊரில் பொம்மர் வந்து குண்டு போடத் தொடங்கியதும் மூன்று பேரும் கொழும்புக்கு வந்து, அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, அக்காவைக் கனடாவுக்கு அனுப்புகிற அலுவலில் காத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே ஒருவருக்கு அக்காவைப் பேசி ஒழுங்காகியிருந்தது. அவருடைய படம் ரீவிக்கு மேலேதான் இருக்கும். துணியை மடிக்கும்போது பெரியப்பா அதைத் தூக்கி யன்னலில் வைப்பார், பிறகு திருப்பி வைப்பார். ஏஜென்சிக்காரர் வருவார், "இந்தா, அடுத்த மாசம்" என்பார், போவார்.

காத்திருக்கிற வீட்டில் பொழுது போகாது. அதனால்தான் அந்தச் சிங்கள நாடகம். தமிழில் அப்போது ரீவியில் வருவது கொஞ்சம். வருவதும் செய்தியும் பஜனையும்தான். இந்த நாடகத்தில் என்றால் பட்டுடுப்பும் கிரீடமும் குதிரையும். பெரியம்மா ஒருநாள் பாஷை விளங்காமலே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்: "பிள்ளை, இஞ்ச வா. உவள் என்னவாம் சொல்லுறாள்?" அன்றிலிருந்து நாடகம் வருகிற நாளெல்லாம் நான் கதவுச் சேலையை விட்டு வெளியே வந்து, ரீவிக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்தியிருந்து, ஒவ்வொருத்தர் வாய்க்கும் தமிழ் சொல்லவேண்டியதாயிற்று. என் வாயைப் பார்த்துப் பெரியவர்கள் மூன்று பேர் இருப்பது எனக்குப் பயமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

வில்லங்கம் என்னவென்றால், அரண்மனைச் சிங்களம் கொட்டாஞ்சேனை ஒழுங்கைச் சிங்களம் இல்லை. அங்கே "வா, போ, தா, அடிப்பன்" என்று கதைத்த பாஷை இங்கே உடுத்திச் சோடித்துக்கொண்டு வந்தது. பாதி எனக்கு விளங்காது. விளங்காத பாதியை முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். நான் விளங்கிக்கொண்ட கதை இதுதான்: கிழட்டு ராசா படுக்கையில் கிடக்கிறார். மூத்த ராணி செத்துப்போனாள், அவளுக்கு ஒரு ராசகுமாரி. இளைய ராணிக்குத் தவழுகிற வயதில் ஒரு ஆண்பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு முடி சூட்ட வேண்டும் என்று அவளும் மீசைக்கார மந்திரியும் சதி செய்கிறார்கள். ராசகுமாரியைப் பக்கத்து நாட்டு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்து நாட்டை விட்டே அனுப்பிவிடுவது அவர்களுடைய எண்ணம். யானைப் படைக்குப் பொறுப்பான ஒரு இளம் தளபதி இருக்கிறான். அவன் யாருடைய ஆள் என்பது ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் தாமரைக் குளத்தடியில் ராசகுமாரி அந்தத் தளபதியைப் பார்த்து, பிறகு தண்ணீரைப் பார்த்து, மெல்லமாய் ஒரு வசனம் சொன்னாள். "மம ஒபட்ட ஆதரெய்." மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். மம என்றால் நான். ஒபட்ட என்றால் உங்களுக்கு. மற்றச் சொல்லைப் பாட்டுகளில் கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் ரேடியோவில் ஓயாமல் வரும்; பாட்டில் வருகிற சொல்லுக்கு யார் அர்த்தம் கேட்டது? ஒழுங்கையில் ஒரு பிள்ளையும் அதைச் சொன்னதில்லை. ஆனால் அது எனக்குத் தெரிந்த சொல்போலத்தான் இருந்தது, தமிழ்ச் சொல்லின் வாலை நறுக்கின மாதிரி.

"ராசகுமாரி தளபதிக்கு ஆதரவாம்" என்றேன்.

பெரியப்பா கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பிடிச் சொல்லு. இனிப் படை இவளின்ர பக்கம். மந்திரி துலைஞ்சான்."

"என்னவோ, ரெண்டும் பாக்கிற பார்வை எனக்குச் சரியாய்ப் படேல்லை" என்றார் பெரியம்மா.

"அது அரசியல் பார்வை. உமக்கு விளங்காது, சும்மா இரும்."

அன்றிலிருந்து அந்த நாடகம் எங்கள் வீட்டில் ஒரு தேர்தல் மாதிரி நடந்தது. அந்தச் சொல் வருகிற இடமெல்லாம் நான் ஆதரவு என்று சொல்ல, பெரியப்பா யார் யாருக்கு ஆதரவு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார். தளபதி ராசகுமாரிக்கு ஆதரவு. ராசகுமாரி தளபதிக்கு ஆதரவு. ராசகுமாரியின் தோழி ஒருத்தியும் தளபதிக்கு ஆதரவு தெரிவித்துவிட்டு அழுதாள். "உவள் ஏன் அழுகிறாள்?" என்று பெரியம்மா கேட்டார். "இவளின்ர ஆதரவை அவன் எடுக்கேல்லைப்போல" என்றார் பெரியப்பா. வதனா அக்கா ஒன்றும் சொல்லமாட்டாள். மடியில் ஒரு தைக்கிற துணியை வைத்துக்கொண்டு படத்தைப் பார்ப்பாள். ஆனால் அடுத்த நாள் சமையலறையில், "நேற்று ராசகுமாரி தண்ணி கேட்டது எப்பிடி? திருப்பிச் சொல்லு பாப்பம்" என்று என்னிடம் கேட்பாள். அவளுக்குச் சிங்களம் படிக்க ஆசை வந்திருந்தது. என்னுடைய சந்தைச் சிங்களத்தை அவள் விரும்பவில்லை. ராசகுமாரியின் சிங்களம்தான் வேண்டுமாம்.

படம் அடிக்கடி கலங்கும். கூரையில் இருக்கிற அன்ரெனாவைக் காற்றுத் திருப்பிவிடும். பெரியப்பாவால் ஏற முடியாது. பக்கத்து வீட்டுச் சுனில் அய்யேதான் மதிலில் கால் வைத்து ஏறுவார். அய்யே என்றால் அண்ணா. துறைமுகத்தில் வேலை, மெலிந்த ஆள், கதைக்கும்போது காதைச் சொறிவார். நான் ரீவிக்கு முன்னால் நிற்பேன், வதனா அக்கா முற்றத்தில் நின்று படம் வந்ததா இல்லையா என்று அவருக்குச் சொல்லவேண்டும். முதல் நாள் அவள் தலையை நிமிர்த்தி, நாடகத்தில் படித்தபடியே கூப்பிட்டாள்: "ஒபவஹன்சே, தவ டிகக் வமட்ட." இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் என்றுதான் சொல்ல வந்தாள். ஆனால் ஒபவஹன்சே என்பது ராசாவையும் பிக்குவையும் கூப்பிடுகிற சொல். சுனில் அய்யே கூரையில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் ஒரு ஓடு சறுக்கிக் கீழே விழுந்தது. பிறகு முகத்தைச் சரிப்படுத்திக்கொண்டு, அரண்மனைச் சேவகன் குனிகிற மாதிரிக் குனிந்து, "எஹெய், குமாரி" என்றார். உத்தரவு, ராசகுமாரி.

"படம் வந்திட்டுது, இனி உந்தப் பெடியனை இறங்கச் சொல்லு, மிச்ச ஓடும் உடையப்போகுது" என்று பெரியம்மா உள்ளே இருந்து சத்தம் போட்டார். அக்கா அதைச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் இடம், இன்னும் கொஞ்சம் வலம் என்று சொல்லிக்கொண்டு நின்றாள்.

அந்த நாட்களில் ஊரிலிருந்து வந்து தங்குகிறவர்களைத் தேடிப் பொலிஸ் வரும். ஒரு பின்னேரம் எங்கள் வாசலுக்கும் வந்தது. ஏன் வந்தாய், எப்போது போவாய், மகளுக்கு என்ன வேலை என்று அவர்கள் கேட்க, பெரியப்பாவின் மறுமொழியை நான் சிங்களத்தில் சொல்லவேண்டும். என் நாக்கு ஒட்டிக்கொண்டது. வெளிக் கதவடியில் பெரியப்பா சாரத்தோடும் பெனியனோடும் நிற்க, "ஏறு ஜீப்பில" என்று ஒருவன் சொல்லிவிட்டான். அந்த நேரம் சுனில் அய்யேயின் தாயார், அகப்பையோடு அடுப்படியில் இருந்து வந்த கோலத்திலேயே வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றார். "மேகொல்லோ அப்பே மினிஸ்சு" என்றார். இவர்கள் எங்கள் ஆட்கள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஜீப் போய்விட்டது. பெரியம்மா வெகுநேரம் நிலத்தில் இருந்தார். "உவையளின்ர ஆதரவு இல்லாட்டி இண்டைக்கு எங்கட கதை முடிஞ்சுது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இது நடந்து கொஞ்ச நாளில், நான் மதிலடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது சுனில் அய்யே மற்றப் பக்கத்தில் இருந்து என்னைக் கூப்பிட்டார். காதைச் சொறிந்தார். "நங்கி, அக்காட்ட கியன்ன, மம எயாட்ட ஆதரெய் கியலா." தங்கச்சி, அக்காவிடம் சொல்லு, நான் அவருக்கு ஆதரெய் என்று. எனக்குச் சந்தோஷமாய் இருந்தது. சமையலறைக்கு ஓடிப்போய், அக்கா தேங்காய் துருவிக்கொண்டிருக்க, பெரியம்மா அடுப்படியில் நிற்க, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: "சுனில் அய்யே அக்காவுக்கு ஆதரவாம்."

பெரியம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்ல பெடியன். ஆனா அக்காவுக்கு மட்டுமோ, எங்கள் எல்லாருக்குமோ? வடிவாய்க் கேட்டுக்கொண்டு வா."

திரும்ப ஓடினேன். அவர் இன்னும் மதிலடியில்தான் நின்றார். "அக்காட்ட விதரத, ஒக்கொட்டமத?" என்று கேட்டேன். அக்காவுக்கு மட்டுமா, எல்லாருக்குமா? சுனில் அய்யே என்னைப் பார்த்தார், எங்கள் வீட்டைப் பார்த்தார், கொஞ்சநேரம் யோசித்தார். பாவம், தமிழ் ஆட்களின் முறை இப்படியாக்கும் என்று நினைத்திருப்பார். "ஒக்கொட்டம" என்றார். எல்லாருக்கும்தான்.

அன்று பின்னேரமே பெரியம்மா பருத்தித்துறை வடை தட்டி, ஒரு கோப்பையில் அடுக்கி, மேலே வாழையிலைத் துண்டு போட்டுப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பினார். அக்கா கொண்டுபோனாள். கோப்பையை வெறுமையாய்த் திருப்பக் கூடாது என்று அவர்கள் தங்கள் கொக்கிஸ் பலகாரத்தை வைத்து அனுப்பினார்கள். அதை வெறுமையாய்த் திருப்பக் கூடாது என்று நாங்கள் முறுக்கு வைத்தோம். இப்படியே அந்தக் கோப்பை மதிலுக்கு மேலால் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. அக்காதான் கொடுப்பாள், அக்காதான் வாங்குவாள். கோப்பையைக் கை மாற்ற அவ்வளவு நேரம் எடுக்கும் என்று எனக்கு முன்பு தெரியாது.

சித்திரை வருஷப் பிறப்புக்குச் சுனில் அய்யேயின் தாயார் பலகாரத் தட்டும் வெற்றிலையும் கொண்டு வந்தார். பின்னால் வெள்ளைச் சேட்டோடு சுனில் அய்யே. வருஷத்துக்கு அவர்கள் வெற்றிலை கொடுத்துக் கும்பிடுவது வழக்கம்தானே என்று ஒருவரும் வித்தியாசமாய் நினைக்கவில்லை. பெரியப்பாவும் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். அக்கா அறை வாசலில். நான் நடுவில். அந்தத் தாயார் தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் மகன் உங்கள் மகளுக்கு ஆதரெய் என்றும், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று கேள்விப்பட்டுத் தனக்குப் பெரிய சந்தோஷம் என்றும், சாதி சனம் என்ன சொன்னாலும் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"மகன் அக்காவுக்கு ஆதரவாம். சனம் என்ன சொன்னாலும் அவ பாத்துக்கொள்ளுவாவாம்" என்றேன்.

பெரியப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நாங்களும் அவையளுக்கு ஆதரவு எண்டு சொல்லு. எந்தக் காலத்திலும்."

"அபித் ஆதரெய்" என்றேன்.

அந்த அம்மா எழுந்துபோய் அக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினார். தன் கையில் இருந்த மெல்லிய பொன் காப்பைக் கழற்றி அக்காவின் கையில் போட்டார். அவர்கள் போன பிறகு பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்சாருங்கோ, ஆதரவுக்குக் காப்பும் போடுறவையே?"

"அவையின்ர முறை அப்பிடியாக்கும்" என்றார் பெரியப்பா.

அக்கா காப்பைக் கழற்றவில்லை.

அந்தக் கிழமையே நாடகத்தில் சபை கூடிற்று. தளபதியைச் சங்கிலி போட்டுக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து நாட்டு இளவரசன் ஒரு பக்கம், மந்திரி ஒரு பக்கம், இளைய ராணி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு. கிழட்டு ராசா கேட்டார், ஏன் இந்தக் கலியாணம் வேண்டாம் என்கிறாய் என்று. ராசகுமாரி எல்லாருக்கும் முன்னால், தளபதியைக் காட்டி, அந்தச் சொல்லைச் சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள். தலையில் இருந்த பொன்முடியைக் கழற்றித் தகப்பனின் காலடியில் வைத்தாள்.

"தளபதிக்குத்தான் ஆதரவாம்" என்றேன்.

பெரியப்பா குழம்பிப்போனார். "ஆதரவு எண்டா முடியோட நிண்டெல்லோ குடுக்கவேணும்? முடியைக் கழட்டி வைச்சிட்டு என்ன ஆதரவு? எடி பிள்ளை, நீ சரியாய்த்தான் சொல்லுறியோ?"

நான் வாயைத் திறக்க முதல் அக்கா பேசினாள். கண் படத்தில்தான் இருந்தது. "அப்பா, உது ஆதரவு இல்லை."

"பின்ன?"

"விருப்பம்."

அந்த வீட்டில் அந்தச் சொல்லை ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. பெரியம்மாவின் கண் மெல்லமாய்ப் படத்தை விட்டு இறங்கி அக்காவின் கையில் போய் நின்றது. பெரியப்பா எழுந்துபோய் ரீவியை நிற்பாட்டினார். அந்த ராசகுமாரிக்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு அந்த நாடகத்தை எங்கள் வீட்டில் போடவேயில்லை.

போடவும் தேவையில்லாமல் போயிற்று, வீடே சபையாகிவிட்டது. பெரியப்பா ஹோலில், பெரியம்மா சமையலறையில், அக்கா அறைக்குள். தூது போகிறது நான். காப்பைத் திருப்பிக் கொடுத்தால் பக்கத்து வீடு கோவித்துக்கொள்ளும். பிறகு ஜீப் வந்தால் யார் நடுவில் நிற்பது? கொடுக்காவிட்டால் கனடாக்காரருக்கு என்ன சொல்லுவது? "எங்களுக்கு ஆதரவு வேணும், மற்றது வேண்டாம். அப்பிடிச் சொல்லேலாதோ?" என்று பெரியம்மா என்னைக் கேட்டார்.

"ரெண்டுக்கும் எனக்கு ஒரு சொல்தான் தெரியும் பெரியம்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

காப்பைக் கழற்றச் சொன்னபோது, "இறுக்கமாய்க் கிடக்கு, கழருதில்லை" என்றாள் அக்கா. கையைத் தூக்கிக் கொண்டை போடும்போது அது முழங்கைமட்டும் வழுகி விழுவதை நான் கண்டிருந்தேன். பெரியம்மாவும் கண்டிருப்பார்.

கடைசியில் பெரியப்பா கந்தோருக்குப் போகிற மாதிரி நீளக் காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குப் போனார். புத்தர் படத்துக்குக் கீழே ஒரு சின்ன லைட் எரிந்துகொண்டிருந்தது. சுனில் அய்யே உள்ளே இருந்து வெளியே வரவில்லை. கதவுச் சேலைக்குக் கீழே அவருடைய கால் மட்டும் தெரிந்தது. பெரியப்பா வீட்டிலேயே யோசித்து வைத்திருந்ததைச் சொன்னார்: "எங்களுக்குப் பிழையாய் விளங்கிப்போச்சு. பிள்ளைக்கு வெளியில ஒழுங்காயிருக்கு. காப்பைத் திருப்பித் தாறம். நீங்கள் கோவிக்காமல் முன்னைமாதிரி இருக்கவேணும்."

நான் எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். "அபிட்ட வெரதுனா" என்றுதான் தொடங்கினேன், எங்களுக்குப் பிழைத்துப்போயிற்று.

அந்த அம்மா கோபிக்கவில்லை. கொஞ்சநேரம் தன்னுடைய வெறுங்கையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு பெரியப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "துவட்டத் வெரதுனாத?"

மகளுக்கும் பிழையாய்த்தான் விளங்கினதா என்று கேட்கிறா என்று சொல்ல நான் திரும்பினேன். நான் சொல்ல முதலே பெரியப்பா சொன்னார்: "நே."

இல்லை. அவ்வளவுதான். சிங்களம் படிக்கமாட்டேன் என்று உத்தியோகத்தை விட்ட மனிதர் அந்தப் பாஷையில் சொல்லி நான் கேட்ட முதற் சொல் அது. அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதேயில்லை. ஓம், அவளுக்கும் பிழைதான் என்றிருந்தால் எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். தேத்தண்ணி வந்தது, குடித்தோம், வந்துவிட்டோம்.

"என்னவாம்? ஓமோ, இல்லையோ?" என்று பெரியம்மா என்னைப் பிடித்துக் கேட்டார். நான் நடந்ததைச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கவில்லை, நாங்கள் போய்ச் சொன்னது ஓமா, இல்லையா என்று. அடுத்த முறை ஏஜென்சிக்காரர் வந்து "இந்தா, நாள் வந்திட்டுது" என்றபோது, பெரியப்பா கனடாக்காரரின் படத்தை ஒரு கடதாசியில் சுற்றி அவர் கையில் கொடுத்து, "பிள்ளை வரேல்லை" என்றார். அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் மறுமொழி தெரிந்தது. பெரியம்மா சமையலறையில் நின்றபடி, "இந்த வீட்டில எல்லாத்தையும் கடைசியாய் விளங்கிறது நான்தான்" என்றார். கன நாள் அக்காவோடு கதைக்கவில்லை. ஆனால் கோப்பை மதிலுக்கு மேலால் போவது நிற்கவில்லை, அதைப் பிறகு பெரியம்மாவே கொடுத்தார். அதற்குப் பிறகும் ஜீப் வந்தது. அந்த அம்மா பிறகும் வந்து நடுவில் நின்றார்.

நான் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி, தையல் தைத்து, அம்மாவைப் பார்த்து, தம்பிமாரைக் கரைசேர்த்து, அப்படியே இருந்துவிட்டேன். சண்டை முடிந்துவிட்டது. பெரியம்மாவும் பெரியப்பாவும் இல்லை. சுனில் அய்யேயின் தாயாரும் இல்லை. வெள்ளவத்தை ஒழுங்கையில் இரண்டு வீட்டையும் இடித்து, மதிலையும் சேர்த்து எடுத்துவிட்டு, ஒரே மாடிக் கட்டடமாய்க் கட்டியிருக்கிறார்கள். எது எந்த வீடு இருந்த இடம் என்று என்னால் நிதானிக்க முடியவில்லை. கூரையில் ஏறுகிற ஆட்களும் இல்லை, ஏற ஓட்டுக் கூரையும் இல்லை. தூர தேசத்து ராசாக்களின் நாடகங்கள்கூட இப்போது தமிழிலேயே பேசிக்கொண்டு வருகின்றன. எல்லாம் எனக்கு விளங்குகிறது. ஒன்றிலும் மனம் நிற்பதில்லை.

போன வருஷம் சுனில் அய்யே காலமானார். மட்டக்குளியில் அவரும் அக்காவும் குடித்தனம் நடத்தின வீட்டில் மூன்றாம் மாதத் தானம் கொடுத்தார்கள். பிக்குமார் சாப்பிட்டுப் போன பிறகு அக்கா வெள்ளைச் சேலையோடு வந்து என் பக்கத்தில் இருந்தாள். இத்தனை காலமாய் நெஞ்சுக்குள் கிடந்ததை அன்று வாய்விட்டுக் கேட்டேன். "அக்கா, நான் ஆதரவு ஆதரவு எண்டு பிழையாய்ச் சொல்லிக்கொண்டு திரியேக்க, உங்களுக்கு அது என்னெண்டு தெரிஞ்சுதானே சும்மா இருந்தனீங்கள்?" அவள் கெட்டிக்காரி, தெரிந்துகொண்டே எங்களை எல்லாம் ஆட விட்டாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"எனக்கென்னெண்டு தெரியும்? நீ சொன்னதைத்தான் நானும் நம்பினன்" என்றாள் அக்கா. "அண்டைக்கு ரீவியில அவள் முடியைக் கழட்டி வைச்சாளே, அப்பத்தான் எனக்கும் விளங்கினது. வாயில வந்திட்டுது, சொல்லிப்போட்டன்." சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "பயந்து பயந்து இருந்த வீட்டில ஒருத்தன் உனக்கு ஆதரவு எண்டு சொல்லியனுப்பினா, வேற என்னடி வேணும்? நீ விருப்பம் எண்டு வந்து சொல்லியிருந்தா நான் அறைக்குள்ள ஓடிக் கதவைப் பூட்டியிருப்பன்" என்றாள்.

அப்படியானால் அவளுக்கும் பிழையாய்த்தான் விளங்கியிருக்கிறது, பெரியப்பா சொன்ன அந்த ஒரு "நே"யும் பிழை. நான் சொன்னதும் பிழை. எல்லாம் பிழையாய் நடந்து, நாற்பது வருஷக் குடும்பம் மட்டும் எப்படிச் சரியாய் வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அக்காவின் மருமகள் தேத்தண்ணித் தட்டோடு வந்து, இவர் யார் என்று சிங்களத்தில் கேட்டாள். "மே தமய் அப்பே கப்புவா" என்றாள் அக்கா. கப்புவா என்றால் கலியாணம் பேசி முடித்துவைக்கிற தரகர். "ஆ, அந்தக் கப்புவாவா?" என்று மருமகளும், பின்னால் நின்ற பிள்ளைகளும் என்னை எட்டிப் பார்த்தார்கள். ஒரு கலியாணமும் பேசாத, என்னுடையதைக்கூடப் பேசி முடிக்காத எனக்கு, அந்த வீட்டில் இவ்வளவு காலமும் அப்படி ஒரு பெயர் இருந்திருக்கிறது. அதற்கு என்ன முகம் காட்டுவது என்று தெரியாமல் நான் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டேன்.